மார்மன்களோடு நமக்குள்ள சண்டை மார்மன் புஸ்தகத்தில் இல்லை

சபை வாட்ஸ்அப் குழுவில் மார்மன்களைப் பற்றி (அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபையார்) ஒரு ஃபார்வர்டு வந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலேயே சொல்லிவிடலாம். ஜோசப் ஸ்மித்தின் மனைவிமார், மார்மன் புஸ்தகத்தை மொழிபெயர்த்தெடுத்ததாக அவர் சொன்ன தங்கத் தகடுகள், பைபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு புஸ்தகம், கடைசியில் வெளிப்படுத்தல் 22:18. "ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால்" என்ற வசனத்தைப் போட்டுவிட்டால் கேஸ் முடிந்தது என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.

முடியாது. அந்த எச்சரிப்பு வெளிப்படுத்தின விசேஷம் என்ற அந்த ஒரு புஸ்தகத்துக்கானது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று உபாகமம் 4:2-லேயே சொல்லியாகிவிட்டது. அதை நம் பாணியில் பிடித்துக்கொண்டால் யோசுவாவில் தொடங்கி எல்லாவற்றையும் கிழித்துப்போட வேண்டியதுதான். பலதார மணமும் அப்படியே. சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபை வில்ஃபர்ட் உட்ரஃப் தலைவராக இருந்த 1890-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அங்கே ஒருவர் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினால் சபையை விட்டு நீக்கிவிடுவார்கள். ஆபிரகாமையும் யாக்கோபையும் கொண்டாடுகிற நாம் பலதார மணத்தை வைத்து அவர்கள் உபதேசத்தை அளக்கப் போனால், அவர்கள் நிதானமாக ஆதியாகமத்தைத் திறப்பார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மார்மன் புஸ்தகத்தில் இல்லவே இல்லை. அந்த வித்தியாசம் வந்தது புஸ்தகம் வெளியாகி 14 வருஷம் கழித்து, ஒரு அடக்கப் பிரசங்கத்தில். ('மார்மன்' என்று கூப்பிட வேண்டாம் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் முழுப் பெயரையும் வரிக்கு வரி எழுதினால் இந்தப் பதிவு இரண்டு மடங்காகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மார்மன் புஸ்தகத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்துப் பல்மைரா ஊரில் 5,000 பிரதி அச்சாகி வெளிவந்தது. அச்சுக்கூலிக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்தார். எருசலேமிலிருந்து புறப்பட்டு, பிறகு கப்பலேறி அமெரிக்கக் கண்டத்தில் போய்க் குடியேறிய ஓர் இஸ்ரவேலர் குடும்பத்தின் வரலாறு என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த வரலாற்றை நான் நம்பவில்லை. ஆனால் உபதேசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முக்கால்வாசி ஒரு எழுப்புதல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலத்தான் இருக்கும். மனுஷனுடைய வீழ்ச்சி, கிறிஸ்துவின் பாவநிவாரணம், மனந்திரும்புதல், முழுக்கு ஞானஸ்நானம். குழந்தை ஞானஸ்நானத்தை அது போட்டுத் தாக்குகிற அதிகாரத்தை நம் பாப்டிஸ்ட் நண்பர்கள் படித்தால் ஆமென் சொல்லுவார்கள். அட்டையைத் திருப்பினால் முகப்புப் பக்கமே இயேசுவை 'நித்திய தேவன்' என்கிறது. அதற்குள் வரும் மரோனி 8:18 தேவன் மாறாதவர், சகல நித்தியத்திலிருந்து சகல நித்தியம்வரை மாறாதவர் என்கிறது. இதில் எதை நாம் மறுக்கப் போகிறோம்?

இன்னும் சொன்னால், முதல் பதிப்பு சில இடங்களில் நம்மையும் தாண்டிப் போய்ப் பிதாவும் குமாரனும் ஒருவரே என்கிற பக்கமாகச் சாய்கிறது. 1 நேபி 11-ல் கன்னியைக் காட்டி, இவள் மாம்சத்தின்படி 'தேவனுடைய தாய்' என்று 1830-ல் அச்சிட்டிருந்தார்கள். 1837 பதிப்பில் அது 'தேவகுமாரனுடைய தாய்' ஆயிற்று. கொஞ்சம் தள்ளி, தேவ ஆட்டுக்குட்டியை 'நித்திய பிதா' என்றே சொன்ன வரி, 'நித்திய பிதாவின் குமாரன்' என்று மாறியது. இரண்டு பதிப்புகளையும் அவர்கள் சபையே ஜோசப் ஸ்மித் ஆவணத் தளத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். தெளிவுக்காகத் திருத்தினார் என்பது அவர்கள் பதில். இருக்கட்டும். பிதாவையும் குமாரனையும் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு அந்த ஏழு வருஷத்தில் வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இப்போது 1844, ஏப்ரல் 7. இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ நகரம். கிங் ஃபாலெட் என்ற சபையார் ஒருவர் கிணறு கட்டுகிற வேலையில் கல் விழுந்து இறந்துபோனார். அவரை நினைவுகூர்ந்து ஜோசப் ஸ்மித் பல ஆயிரம் பேர் முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான்கு பேர் கைப்படக் குறிப்பெடுத்தார்கள், அதனால் அப்படிச் சொல்லவே இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அவர் சொன்னதன் சாரம் இது: தேவன் அநாதியிலிருந்தே தேவன் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம், அந்த எண்ணத்தை நான் மறுக்கப் போகிறேன். தேவனும் ஒருகாலத்தில் நம்மைப்போல் இருந்தவரே, இன்று உயர்த்தப்பட்ட ஒரு மனிதர். நீங்களும் தேவர்கள் ஆவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டும்.

மரோனி 8:18-ஐ அச்சிட்ட அதே மனிதர்.

"பர்வதங்கள் தோன்றுமுன்னும், நீர் பூமியையும் உலகத்தையும் உருவாக்குமுன்னும், நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்" என்று சங்கீதம் 90-ல் படிக்கிறோம். "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை" என்கிறது ஏசாயா 43:10. நாவூ பிரசங்கம் இந்த இரண்டின் மேலும் நேராகப் போய் மோதுகிறது. தங்கத் தகடு நிஜமா பொய்யா என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் சில்லறை விஷயம்.

எனக்குப் பழக்கமான ஒரு மார்மன் நண்பரிடம் இந்த முரணைக் கேட்டிருக்கிறேன். கோபப்படவில்லை. "தேவன் ஆனபிறகு அவர் மாறவில்லை. இந்த நித்தியத்துக்குள் அவர் மாறாதவர்" என்றார். அவர்கள் கொள்கைக்கு உள்ளிருந்து பார்த்தால் ஒட்டுகிற பதில்தான். ஆனால் அநாதி என்பதற்கு ஒரு தொடக்கம் வைத்துவிட்டால் அது அநாதியாக இருக்காதே.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜோசப் ஸ்மித் செத்ததற்கும் இந்த உபதேசத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவரோடு இருந்து விலகியவர்கள் அந்த ஜூன் 7-ந் தேதி 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்று ஒரு பத்திரிகை போட்டார்கள். பலதார மணத்தோடு சேர்த்து, 'பல தேவர்கள்' என்ற உபதேசத்தையும் கள்ளப்போதகம் என்று அதில் எழுதினார்கள். ஒரே ஒரு இதழ்தான். மேயராக இருந்தவர் ஸ்மித்தேதான். நகரசபை உத்தரவில் ஜூன் 10-ல் அச்சகத்தை உடைத்தார்கள். அந்த விவகாரத்தில்தான் அவர் கார்த்தேஜ் சிறைக்குப் போனார். ஜூன் 27-ல் ஒரு கும்பல் புகுந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அது கொலை, வேறு பேச்சில்லை. அதற்கு ஆறு வருஷம் முன்னால் மிசூரி கவர்னர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்டவோ விரட்டவோ வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டவர். 1976 வரை அந்த உத்தரவை யாரும் அதிகாரபூர்வமாக ரத்து செய்யவில்லை. உபதேசத்தில் எனக்கு எவ்வளவு மாறுபாடு இருந்தாலும் அந்தக் கும்பலோடு நான் நிற்க மாட்டேன்.

சரி, உபதேசத்துக்கு வருவோம். தேவனும் மனிதனும் ஒரே இனம், வளர்ச்சியில்தான் வித்தியாசம் என்று வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைகட்டி வருகிறது. பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு (அவர்களுடைய இன்னொரு வேதநூலான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 130:22). "தேவன் ஆவியாயிருக்கிறார்" என்ற யோவான் 4:24-க்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. சிருஷ்டி என்பது ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குவது அல்ல, ஏற்கெனவே இருக்கிற பொருளை ஒழுங்குபடுத்துவது. மனுஷனுக்குள் இருக்கிற அறிவுப்பொருள் யாராலும் படைக்கப்படாதது. பரலோகத்தில் பிதாவோடு ஒரு தாயும் உண்டு. நாம் எல்லாரும் பிறப்புக்கு முன்பே அவர்களுடைய ஆவிப் பிள்ளைகள், இயேசு அதில் மூத்தவர். லூசிபரும் அதே குடும்பம். "இயேசுவும் சாத்தானும் அண்ணன் தம்பியாம்" என்று நம் ஆட்கள் அதிர்ச்சி ஸ்டிக்கர் போடுவது இதைத்தான். அந்த வரியை மட்டும் தனியாகப் பிடுங்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் இயேசுவையும் சாத்தானையும் சமமாக வைக்கவில்லை. ஆனால் நம் நிசேயா விசுவாசப்பிரமாணம் குமாரனைச் சிருஷ்டிகள் எல்லாவற்றிலிருந்தும் பிரித்து பிதாவின் பக்கத்தில் நிறுத்துகிறது. மார்மன் உபதேசத்திலோ பிதா, குமாரன், தூதன், மனிதன் எல்லாரும் ஒரே கோட்டின் மேல் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். 325-ல் நிசேயா சங்கத்தில், குமாரனும் ஒரு சிருஷ்டிதான் என்று போதித்த ஆரியு விஷயத்தில் அடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

சைவ சித்தாந்தம் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி புதிதாக இருக்காது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி, உயிரை யாரும் படைக்கவில்லை என்பது இங்கே பழைய பேச்சு. ஆனால் அங்கேகூட உயிர் பதியின் திருவடியில் சேருமே தவிரத் தானே பதியாகிவிடாது. ஸ்மித் அந்தக் கோட்டையும் தாண்டினார்.

கல்யாண விஷயத்திலும் மோதல் நேரடியானது. ஆலயத்தில் செய்கிற திருமணம் மரணத்துக்கு அப்புறமும் நிற்கும், மேலான மகிமைக்கு அது அவசியம் என்பது அவர்கள் நம்பிக்கை. "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று கர்த்தர் மத்தேயு 22:30-ல் சொன்னதை, அங்கே புதிதாகக் கல்யாணம் நடக்காது என்றுதான் அர்த்தம் என்பார்கள். கணவனையோ பிள்ளையையோ புதைத்துவிட்டு வந்த ஒருவருக்கு அந்த உபதேசம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நம் பிரசங்கிமார் அடக்க ஆராதனையில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய எதையும் சொல்வதில்லை என்பதும் உண்மை. ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக அது வேதத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

விஷயம் தெரிந்த மார்மன்கள் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு. "நாம் தேவனாகும்படி அவர் மனிதரானார்" என்று உங்கள் அத்தனாசியுவே எழுதியிருக்கிறாரே என்பார்கள். நிஜம்தான், எழுதியிருக்கிறார். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்றைக்கும் அந்த மொழியில்தான் பேசுகிறது. ஆனால் யார் அந்த அத்தனாசியு? குமாரன் சிருஷ்டி அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்பதற்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அலெக்சாந்திரியா பேராயர். தேவனுக்கும் சிருஷ்டிக்கும் நடுவில் கடக்க முடியாத இடைவெளி இருக்கிறது, அதைத் தேவன் இந்தப் பக்கம் இறங்கி வந்து கடந்தார் என்பதுதான் அவர் ஆச்சரியம். நமக்குக் கிடைப்பது கிருபையால் வருகிற பங்கு, நம் இனத்துக்கு இயல்பாகவே உள்ள உரிமை அல்ல. இடைவெளியே இல்லை என்று சொன்னால் அவர் வாக்கியத்தில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நாவூ பிரசங்கத்துக்கு அத்தனாசியுவைச் சாட்சிக்கு அழைப்பது, எதிர்க்கட்சி வக்கீலையே நம் தரப்பில் வாதாடக் கூப்பிடுகிற கதை.

கிருபையைப் பற்றி ஒரு வார்த்தை. 2 நேபி 25:23-ல் "நாம் செய்யக்கூடியதெல்லாம் செய்தபின்பு" கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம் என்று வருவதைக் காட்டி, அவர்கள் கிரியைக்காரர்கள் என்று முத்திரை குத்துவார்கள். 2015-ல் அவர்கள் தலைவர்களில் ஒருவரான டீட்டர் உக்டார்ஃப், செய்தபின்பு என்றால் செய்ததால் என்று அர்த்தமல்ல என்று மாநாட்டிலேயே பேசினார். இந்த ஒரு விஷயத்தில் வருஷத்துக்கு வருஷம் நம் பக்கம் நெருங்கி வருகிறார்கள். தசமபாகத்தை இரட்சிப்புச் சந்தா மாதிரி வசூலிக்கிற நம் ஊர் ஊழியங்களை வைத்துக்கொண்டு இதில் நாம் ரொம்பக் குரல் உயர்த்த வேண்டாம்.

என் வாதத்துக்கு எனக்குப் பிடித்த சாட்சி மிசூரியில் இண்டிபெண்டன்ஸ் நகரத்தில் இருக்கிறது. ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங்கோடு யூட்டா போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1860-ல் ஸ்மித்தின் மகனைத் தலைவராக்கி ஒரு சபையாகக் கூடினார்கள். இன்று அதன் பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட். மார்மன் புஸ்தகத்தை இன்னும் வேதமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் திரித்துவத்தை அறிக்கை செய்கிறார்கள். மனிதன் தேவனாவது என்ற நாவூ உபதேசம் அங்கே கிடையாது. 2010-ல் அமெரிக்கத் தேசிய சபைகள் மன்றம் அவர்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அதே புஸ்தகம், அதே ஸ்தாபகர். பிரிவினை புஸ்தகத்தால்தான் என்றால் இது எப்படி நடக்கும்?

சால்ட் லேக் சிட்டியிலும் இந்த உபதேசத்தைப் பற்றி ஒரு கூச்சம் தெரிகிறது. தேவன் ஒருகாலத்தில் மனிதராக இருந்தாரா என்று 1997-ல் டைம் பத்திரிகை கேட்டபோது, தலைவர் கார்டன் ஹிங்க்லி, அதை நாங்கள் போதிக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி நழுவினார். கிங் ஃபாலெட் பிரசங்கத்தை அவர்கள் வேதத் தொகுப்பில் சேர்க்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நேரடியாகத் தள்ளிவிட்டால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போகும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அப்படியென்றால் அவர்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்பீர்கள். கிறிஸ்துவை நேசிக்கிறார்களா என்றால், நான் பழகியவர்கள் நேசிக்கிறார்கள், அதைத் தீர்ப்பதும் என் வேலை இல்லை. நிசேயா அறிக்கை செய்கிற திருச்சபையின் விசுவாசம் அதுவா என்றால், இல்லை. கத்தோலிக்கத் தலைமையான ரோமாபுரி 2001-ல் அவர்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற அதே நாமத்தைச் சொல்லிக் கொடுத்தும். இதில் தங்களுக்குப் புண்படவோ கவலைப்படவோ எதுவும் இல்லை என்று அவர்கள் சபை சொன்னது. நம்மில் ஒருவர், பேராயராகவே இருந்தாலும், அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் தண்ணீரில் மறுபடி இறங்கித்தான் ஆக வேண்டும். சபைகளின் விசுவாசப்பிரமாணங்கள் எல்லாம் தமக்கு அருவருப்பு என்று கர்த்தரே தம்மிடம் சொன்னதாக ஸ்மித் 1838-ல் எழுதிவைத்ததை அவர்கள் வேதமாகவே படிக்கிறார்கள். வித்தியாசம் பெரியது என்று முதலில் சொன்னது அவர்கள்தான், நாம் இல்லை.