அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிக் குண்டு கடலூரில் வெடித்தது

புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரும் நான் சுய்ப்ரேன் வீதியை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அது யார் பெயர் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. போன மாதம் ஒன்பதாவது படிக்கும் என் மகள் அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாஸ்டன், வாஷிங்டன், 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடப் போய்த்தான் சுய்ப்ரேன் கிடைத்தார்.

பிரான்சின் தெற்கே பிறந்த கடற்படை அதிகாரி. இளவயதில் இரண்டு முறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர். 1778இல் அமெரிக்கர்களுக்குத் துணையாகப் போன பிரெஞ்சுக் கப்பற்படையில் இருந்தார். அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகம் பக்கம் அவருடைய கப்பல்கள் நுழைந்ததும், ஆங்கிலேயர் தங்கள் போர்க்கப்பல்களைத் தாங்களே கொளுத்தினார்கள். அதே ஆண்டு இங்கே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிரான்சு அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததால் ஆங்கிலேயர் இங்கேயும் பிரெஞ்சுக்காரரோடு மோதினார்கள். அதுவும் அதே போர்தான்!

1782இல் சுய்ப்ரேன் நம் கரைக்கு வந்தார். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு ஒரே ஆண்டில் நான்கு முறை மோதினார். நாகப்பட்டினத்தில் அடிபட்ட கப்பல்களை, புயல் வந்தால் ஒதுங்க இடமில்லாத கடலூர்க் கரையில் நிறுத்தித்தான் பழுது பார்த்தார். அவரைப் பார்க்க, ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த மைசூர் ஹைதர் அலியே படையோடு கடலூர்ப் பக்கம் வந்தார். இதெல்லாம் நம் ஊர்க்கதை, ஆனால் நமக்குத்தான் தெரியாது.

1783 ஜூனில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. ஜூன் 20 சாயங்காலம் ஹியூஸின் 18 கப்பல்களை சுய்ப்ரேன் 15 கப்பல்களோடு எதிர்த்தார். மூன்று மணி நேரம் பீரங்கிச் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 200 பேர் செத்தார்கள். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார்.

நெஞ்சை அறுக்கும் விஷயம் இனிமேல்தான். பிரான்சும் இங்கிலாந்தும் அந்த ஜனவரியிலேயே சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன போருக்காக இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கடலூர் ஆங்கிலேயருக்கு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுய்ப்ரேன் பெரிய வீரர், மறுக்கவில்லை. ஆனால் அவர் சண்டை போட்டது தன் ராஜாவுக்காக, நம் விடுதலைக்காக இல்லை. அவருக்குப் புதுச்சேரியில் ஒரு வீதி இருக்கிறது, இருக்கட்டும். கரையில் செத்த சிப்பாய்களுக்கு என்ன இருக்கிறது? ஆங்கிலேயர் பக்கம் சென்னைப் படைச் சிப்பாய்களும், வங்காளத்திலிருந்து தரைவழியே நடந்தே வந்த சிப்பாய்களும். பிரெஞ்சுக்காரர் பக்கமும் நம்மவர்கள், திப்புவின் மைசூர்ப் படை. இரண்டு பக்கமும் நம் ஆட்களே. ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு கல் நட வேண்டும். இங்கே என்ன நடந்தது, எந்த ஆண்டு, யார் யார் செத்தார்கள் என்று தமிழில் நாலு வரி போதும். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஜூன் 20 சாயங்காலம் நானும் மகளும் அந்தக் கரையில் இருப்போம். வருகிறவர்கள் வாருங்கள், மனுவில் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.