கரும்பு மேல பழி போடாதீங்க, ஐஸைப் பாருங்க

களியக்காவிளை தாண்டி பாறசாலை ரோட்டில் வெயில் ஏறினால் கரும்பு ஜூஸ், கருக்கு (இளநீர்), குலுக்கி சர்பத் கடைகள்தான். "ஜூஸில் ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமி" என்று ஒரு செய்தி வந்தால் பாதிப் பேர் கடையை மூடச் சொல்கிறார்கள்; மீதிப் பேர் "இயற்கை பானம், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். ரெண்டு கட்சியும் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

வெட்டாத நல்ல கருக்குக்குள் இருக்கும் தண்ணீர் சுத்தமானது. ஈகோலை, கிளெப்சியெல்லா மாதிரி குடல் கிருமிகள் மலம் கலந்த தண்ணீர், கோழி எரு, கழுவாத கை வழியாக வருபவை. குடித்த அன்றைக்கு வயிறு கலங்காமலே போகலாம். அந்தக் கிருமி குடலில் மாசக்கணக்கில் தங்கி, பின்னால் மூத்திரக் கடுப்பாகக் கிளம்பும்போதுதான் டாக்டர் எழுதின முதல் மாத்திரை கேட்காது.

ஐஸ் பார் சாக்கில் சுற்றி வருகிறது, தரையில் இழுபடுகிறது, சுத்தியலால் உடைகிறது. மீனுக்குப் போடும் ஐஸும் பார்வைக்கு அதே ஐஸ்தான். சாப்பிட ஆகாத ஐஸில் நீலச் சாயம் கலக்கச் சொல்லி 2018-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு. நீல ஐஸை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மெஷின். ரோலருக்கு அடியில் தட்டில் விரலை வைத்தால் வழுவழுப்பாக ஒட்டுமே, அதுதான் கிருமிகளின் குடியிருப்பு. மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிட அந்த நெருக்கம் வசதி. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமி, சூட்டுக்கும் குளோரினுக்கும் சாதாரணக் கிருமி மாதிரியே சாகும். கடைக்காரர் பயப்பட வேண்டாம், தேய்த்துக் குளோரின் போட்டால் போதும்.

ராத்திரி கடை அடைக்கும்போது சக்கையை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு வழுவழுப்பு போகும்வரை தேய்க்கணும். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி 10 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசணும். சக்கை மேலேயே ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். வாய் கட்டாத மூட்டையில் வாடை போன பவுடர் வெறும் சுண்ணாம்புதான்.

அடுத்தது கிளாஸ் கழுவும் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் கேரளாவில் 7.5 மீட்டர் இடைவெளி விதி. அஞ்சு சென்ட் வீடுகளில் அது எங்கே நடக்கிறது? 1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் கிளாஸைக் கழுவுங்கள். ஒரே வாளியில் நாள் முழுக்க முக்கி எடுப்பது கழுவுவதில் சேராது.

பாக்கெட் சோயாப்பால், பாதாம்பால் தனிக் கதை. பசும்பால் போல அது திரிந்து காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. திறந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, பாக்கெட்டில் போட்ட நாளுக்குள் முடியுங்கள். ஃப்ரிட்ஜிலும் வளரும் லிஸ்டீரியா என்ற கிருமி, 2024-ல் கனடாவில் இப்படிப்பட்ட பால் குடித்த 3 பேரைக் கொன்றது.

வயிறு போனால் மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு ஆன்டிபயாடிக்" கேட்காதீர்கள். அது அடங்குகிற கிருமியைக் கொன்று அடங்காததுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. ஓஆர்எஸ் குடியுங்கள், ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். மூத்திரக் கடுப்புக்கு மாத்திரை தொடங்கும் முன்னே மூத்திரத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கொடுங்கள். தொடங்கினபிறகு கொடுத்தால் லேபில் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாமல் போகலாம்.