பின்வரிசையில் உருவாகும் வீராங்கனைகள்
2021இல் அமெரிக்க மாணவ வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமலேயே கல்லூரி மாறலாம், தம் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று விதிகள் தளர்ந்தபின், மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் பொறுமையாக ஆளை வளர்ப்பதற்கு இடமில்லாமல் போய்விட்டது என்று இங்கு வெளியான கட்டுரையை எழுதியவர் கூறும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. டான் ஸ்டேலி பயிற்றுவிக்கும் தென் கரோலினா பல்கலைக்கழக அணி, 2023ஆம் ஆண்டு தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் அயோவா பல்கலைக்கழகத்திடம் தோற்றதும் தொடக்க ஆட்டக்காரர்கள் ஐவரையும் இழந்தது. ஆனால் அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் அதே அயோவாவை 87-75 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றது. அந்த இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையான பிரேசிலின் கமிலா கார்டோசோ சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. எனினும் 2023 வரை தென் கரோலினாவின் தொடக்க ஆட்டக்காரராக இருந்த அலியா பாஸ்டனுக்குப் பின்னால் இரண்டு பருவங்கள் மாற்று ஆட்டக்காரராகவே களமிறங்கி, அன்றாடப் பயிற்சியில் பாஸ்டனுடன் மோதி மோதியே கார்டோசோ முதிர்ந்தார். முதல் பருவத்தைக் காயத்தால் இழந்த ரேவன் ஜான்சனும், பள்ளியிலிருந்தே சேர்க்கப்பட்டு அங்கேயே காத்திருந்து, அந்த இறுதிப் போட்டியில் அயோவாவின் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கைத் தடுக்கும் முக்கியப் பொறுப்பை ஏற்றார். உண்மையான பாதிப்பு, எனக்குமுன் கருத்திட்ட வாசகர் சொன்னதுபோல, சிறிய கல்லூரிகளுக்கே: பெரிய அணிகள் கண்டுகொள்ளாத பெண்ணைத் தேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பயிற்சியாளர், அந்தப் பெண் பலன் தரும் வேளையில் அவரைப் பெரிய அணிகளிடம் பறிகொடுக்கிறார். கட்டுரை அந்தப் பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.