டன்கேனன் படகுத்துறையில் மீன்வாடை வீசத்தான் செய்யும்

நேற்றிலிருந்து பலர் அனுப்பிய அந்தக் காணொளியை நானும் முழுமையாகப் பார்த்துவிட்டேன். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கடலோரத்தில் இருக்கும் டன்கேனனில் கோட்டை அழகாம், மணற்கரை அழகாம். ஆனால் துறையில் கிடக்கும் வலைகளும் நண்டுக் கூண்டுகளும் மீன்வாடையும் ஊரைக் கெடுக்கின்றனவாம். எனவே அவற்றை வேறு எங்காவது அகற்ற வேண்டுமாம்.

டன்கேனன் மீனவர்களின் ஊர். வலைகள் துறையில்தான் கிடக்கும்.

கோட்டையைப் புகழ்பவர்கள் அது ஏன் அந்தப் பாறைமுனையில் நிற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வாட்டர்ஃபோர்டு, நியூ ராஸ் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்கள் கோட்டைக்கு முன்னுள்ள ஆற்று முகத்துவாரத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், ஸ்பானியக் கப்பற்படை வந்துவிடும் என்ற அச்சத்தில், 1580களின் இறுதியில் விண்மீன் வடிவில் அது கட்டப்பட்டது. இங்கிலாந்து அரியணையை இழந்து, அதை மீட்க அயர்லாந்தில் நடத்திய பாயின் போரிலும் தோற்ற இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1690இல் டன்கேனனிலிருந்துதான் கப்பலேறினார். கடல்வழிக்காக எழுந்த கோட்டையை ரசித்துக்கொண்டே, அதே கடலில் இன்றும் பிழைப்பவர்களின் வலைகளை அகற்றச் சொல்வது எந்த வகை நியாயம்?

சுற்றுலா இல்லாமல் அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். 2007இல் கடலில் சால்மன் மீனுக்கு மிதவலை போடுவது தடைசெய்யப்பட்ட பிறகு அந்தக் கரையோர ஊர்களின் வருமானம் குறைந்தது. பயணிகளின் பணம் அவர்களுக்குத் தேவை. ஆனால் பயணிகள் கோடையில் வந்து போகிறவர்கள். நாங்கள் குளிர்காலத்தில் சென்றபோது விடுமுறை வீடுகள் பலவும் பூட்டிக் கிடந்தன. அங்கே மணற்கரை வரை வண்டியை ஓட்டிச் செல்லலாம். எங்கள் வண்டி மணலில் புதைந்தபோது டிராக்டரோடு ஓடிவந்து இழுத்துவிட்டவர்கள் படகுக்காரர்கள். பணத்தை நீட்டினோம்; வாங்க மறுத்துவிட்டார்கள். வலைகளோடு படகுக்காரர்களும் போய்விட்டால் குளிர்காலத்தில் அந்த ஊரில் யார் இருப்பார்கள்?

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளியின் கீழே "மீன் நாற்றம்" என்று எழுதிச் சிரித்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். என் தந்தை கடலுக்குப் போனவர். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள் நான். யாருக்கும் சோறு போடுகிற வேலையின் வாடையை அழுக்கு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

வாடை பொறுக்காதவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வலையை நகர்த்தச் சொல்லி என்னிடம் வாதாட வர வேண்டாம்.