மாடிஃபைடு கார் என்றால் அடித்து ஓட்டிய கார் இல்லை

என் மாடிஃபைடு காரை, அதாவது சில பாகங்களை மாற்றிப் போட்ட காரை, விற்கப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை விஷயம் குரூப் முழுக்கச் சுற்றிவிட்டது. கார் பார்க்க வந்த பையனுக்கு நான் பரீட்சை வைத்தேனாம்; காரையும் கெடுத்து வைத்திருக்கிறேனாம். சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.

2013 டொயோட்டா 86, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மெல்பர்னில் ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. மாற்றியது மூன்றே மூன்று: சஸ்பென்ஷன், வீல், பின்பக்க எக்ஸாஸ்ட். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடவில்லை. சட்டம் கேட்கிற 100 மில்லிமீட்டர் இடைவெளி தரைக்கு மேல் தாராளமாக உண்டு. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வொர்த்தி சர்டிஃபிகேட் கையில். கழற்றிய பாகமெல்லாம் கராஜில் பழைய பெட்ஷீட் சுற்றி வைத்திருக்கிறேன். இதற்குப் பெயர் ‘கெடுத்து வைத்த கார்’!

வந்த தம்பி பில் ஃபைலைத் திறக்கவே இல்லை. இன்ஜின் சூடாகும் முன்பே, தெருமுனை தாண்டுவதற்குள் இன்ஜினை 7,000 ஆர்பிஎம்முக்கு முறுக்கி ஏற்றினார். “ஆயில் இன்னும் சூடாகலை தம்பி, இன்ஜின் தேயும்” என்றேன். சிரித்தார். இறங்கியதும், “மாடிஃபைடுதானே அண்ணா, எப்படியும் அடிச்சுத்தான் ஓட்டியிருப்பீங்க” என்று பாதி விலைக்குக் கேட்டார். என் கண் முன்னால் அடித்து ஓட்டியது யார்?

வாங்குகிறவருக்குப் பயம் இருக்காதா என்கிறீர்கள். இருக்கும், நியாயம்தான். 2013 மாடல் வண்டிகளுக்கு வால்வு ஸ்பிரிங் ரீகால் வந்தது; இன்ஜினுக்குள் இருக்கிற அந்த ஸ்பிரிங்கை மாற்ற கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜினையே இறக்கிச் செய்கிற வேலை. அதை எப்போது, யார் செய்தார்கள் என்று கேட்டிருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன். வந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது “கடைசி விலை என்ன?”

போட்ட காசை வாங்குகிறவர் தலையில் கட்டுகிறேனாம். ஐயா, எதையும் மாற்றாத ஸ்டாக் கார் என்ன விலைக்குப் போகிறதோ அதைத்தான் கேட்கிறேன்! எல்லாவற்றையும் பழையபடி மாட்டி விற்கலாமே என்பவர்களுக்குப் பதில் கிடையாது. இந்தக் காருக்கு டொயோட்டா போட்டு அனுப்பியதே, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற தன் ப்ரியஸ் காருக்குப் போட்ட டயர்தான். அதை மாற்றியதும் குற்றமா?

அவ்வளவு பாசம் இருந்தால் ஏன் விற்கிறாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சிரிப்பு எமோஜியோடு. இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. பின்சீட்டில் ஒரு பேபி சீட் வைத்தாலே, முன்னால் மனைவி முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கத்தான் உட்கார வேண்டும். பாவம், ஒரு வருடம் அப்படியே வந்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மெல்பர்னுக்கு வெளியே, ஹீல்ஸ்வில் ஊர் தாண்டி பிளாக் ஸ்பர் மலை ரோட்டு வளைவுகளில், ஞாயிறு காலை ரோடு காலியாக இருந்தால், கொஞ்சம் மிதித்திருக்கிறேன்.

இன்ஜின் சூடான பிறகு.