சாரை நல்லபாம்புக்கு ஜோடி இல்லைங்க

மேலே ஒருவர், "தோட்டத்தில் திரியும் சாரை நல்லபாம்பின் ஆண். ஜோடியும் பக்கத்திலேயே இருக்கும், உடனே அடித்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தவறு. சாரையிலும் ஆண், பெண் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம், இணை சேராது. சொல்லப்போனால் நல்லபாம்பு சாரையைப் பிடித்து விழுங்கவும் செய்யும்.

"சாரையும் நல்லபாம்பும் பின்னிக்கொண்டு ஆடியதைக் கண்ணால் பார்த்தேன்" என்கிறீர்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. உடம்பை நிமிர்த்தி, ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது விலகிப் போய்விடும். (அப்படிப் பின்னி ஆடும் பாம்புகள்மேல் புதுத்துணி போட்டால் அதிர்ஷ்டம் என்பார் எங்கள் அப்பத்தா. நல்லவேளை, யாரும் போட்டுப் பார்க்கவில்லை!)

சாரைக்கு விஷம் கிடையாது, வாலிலும்கூட. 2 மீட்டருக்கு மேல் வளரும். மிரட்டினால் கழுத்தைப் புடைத்துச் சீறும், பிடித்தால் கடிக்கும். ஆனால் நல்லபாம்பு போலப் படம் எடுக்காது. தோட்டத்துக்கு அது வருவது எலிக்கும் தவளைக்கும்தான்.

என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் தள்ளி நின்று தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையை அடித்துக் கொல்வது குற்றமும்கூட.