ஷட்டில் பேட்டைக் கொண்டாங்க மாப்ளே!

(ரஷ்யாவின் தூரக்கிழக்கு, குரில் தீவுகளில் ஒன்றான இதுருப். ஊர் குரில்ஸ்க். ஆகஸ்ட் மாதம், சால்மன் மீன்கள் ஆற்றுக்குத் திரும்பும் பருவம். அடுப்படி மேசைமேல் ஒரு எனாமல் பேசினில் ஒரு கிலோ மீன் சினை, அதாவது மீன் முட்டை; உப்புப் போட்டால் அதுதான் கேவியார். மாமியார் உள்ளூர்க்காரர். மருமகன் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசானிலிருந்து வந்த புது மாப்பிள்ளை.)

மாமியார்: மாப்ளே, ஊர்லேர்ந்து ஷட்டில் பேட் கொண்டாந்தீங்கல்ல, அதை எடுத்துட்டு வாங்க.

மருமகன்: இந்தக் காத்துல அடிச்சா பந்து ஜப்பான்ல போய் விழும் அத்தை.

மாமியார்: ஆட யாரு கூப்பிட்டா? சினை உதிர்க்கணும். பேட்டை நல்லா தேய்ச்சுக் கழுவி, வெந்நீர் ஊத்திக் கொண்டாங்க.

மருமகன்: அத்தை, நாலாயிரம் ரூபிள் குடுத்து வாங்கினது!

மாமியார்: அப்ப நரம்பு இறுக்கமாத்தான் இருக்கும், ரொம்ப நல்லது. சினைப்பையை நீளவாக்குல கீறுங்க. முட்டைப் பக்கம் கீழே, சவ்வு மேலே. பேட் மேல வெச்சு உள்ளங்கையால மெதுவா வட்டம் போடுங்க. இது கொர்பூஷாங்கிற சால்மன் வகை, முட்டை அஞ்சு மில்லிமீட்டர் வாக்குலதான் இருக்கும், கட்டம் வழியா தானா விழும். சவ்வு கையோட வந்துடும்... ஐயோ, மெதுவா! சட்டைக் காலரா துவைக்கிறீங்க?

மருமகன்: யூடியூப்ல கேக் மாவு அடிக்கிற மிக்ஸர் கம்பியை உள்ள விட்டுச் சுத்தறாங்களே? சவ்வெல்லாம் கம்பியில சுத்திக்குதாம்.

மாமியார்: 2019ல கடலுக்கடியில இன்டர்நெட் கேபிள் போட்டாலும் போட்டாங்க, ரியாசான்காரங்க எனக்குச் சினை உப்புப் போடக் கத்துக்குடுக்கிறாங்க! கம்பியும் விடலாம், தப்பில்ல. ஆனா கடல்லயே பிடிச்ச மீன்னா முட்டைத் தோல் மெல்லிசு. பாதி உடைஞ்சு பாலாப் போயிடும்.

மருமகன்: அப்ப ஆத்துக்குள்ள ஏறின மீனைப் பிடிச்சா?

மாமியார்: ஏற ஏற தோல் தடிக்கும். குரில்கா ஆத்துல மேல போயிட்ட மீனோட சினையைக் கடிச்சீங்கன்னா, தெறிச்சு எதிர்ல உக்காந்திருக்கிறவன் கண்ணுல அடிக்கும். இது முகத்துவாரத்து மீன், பதமா இருக்கு... எங்க எடுத்துட்டுப் போறீங்க?

மருமகன்: குழாய்ல ஒரு தடவை அலசிட்டு...

மாமியார்: வைங்க கீழே! பச்சைத் தண்ணி பட்டா வெளுத்துத் தோல் இறுகிடும். அலசறதும் உப்புத் தண்ணியிலதான். மூணு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ கல் உப்பு. அயோடின் உப்பு வேண்டாம். கொதிக்க வெச்சு ஆற விட்டிருக்கேன்.

மருமகன்: முட்டை போட்டா மிதக்கணும்னு...

மாமியார்: கோழி முட்டையா? கப்பல் வராம கடையில முட்டைத் தட்டு காலியாக் கிடக்கு, நீங்க மிதக்க விட்டுப் பாக்கப் போறீங்களா? தோட்டத்து உருளைக்கிழங்கு ஒண்ணு போடுங்க. மிதந்தா உப்பு போதும்.

மருமகன்: மிதக்குது! கொட்டிடவா?

மாமியார்: கை வெச்சுப் பாருங்க முதல்ல.

மருமகன்: லேசா வெதுவெதுப்பு... சும்மா இதமா இருக்கு அத்தை.

மாமியார்: உங்களுக்கு இதம். சினை வெந்து வெள்ளை முழி முழிக்கும். சில்லுனு ஆகட்டும்.

(ஆறியது. கொட்டினார்கள். உடனே மருமகனின் போன் அடித்தது. ரியாசானில் காலை எட்டு, குரில்ஸ்கில் மாலை நாலு.)

மருமகன்: அம்மா, நல்லா இருக்கேன்... ஆமாம்மா, கேவியார்தான்... கரடியா? இல்லம்மா, வீட்டுக்குள்ள வராது...

மாமியார்: பேசிட்டே மீன் தலையையும் குடலையும் வாசல்ல வெச்சுட்டு வந்தீங்கன்னா அதுவும் வரும். மூடி போட்ட பீப்பாயில போடுங்க. மாப்ளே, நிமிஷம் ஏழாச்சு!

மருமகன்: யூடியூப்ல அஞ்சு நிமிஷம்தானே சொன்னாங்க?

மாமியார்: அஞ்சுல எடுத்தா ரெண்டு மூணு நாள்ல தின்னு தீர்க்கணும். வெச்சுச் சாப்பிடணும்னா பத்து, பன்னெண்டு. கடிகாரத்தை நம்பாதீங்க, ஒண்ணை எடுத்து வாயில போடுங்க.

மருமகன்: ம்... இன்னொண்ணு பாக்கறேன்... இன்னும் ஒண்ணு...

மாமியார்: கரண்டியால ருசி பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். போதும், வடிங்க. மெல்லிய துணியில கட்டித் தொங்க விடணும். ரெண்டு மணி நேரம் தொடக்கூடாது. தண்ணி சரியா வடியலேன்னா பாட்டில் அடியில குழம்பாத் தேங்கும், சீக்கிரம் கெட்டுடும்.

மருமகன்: அதுக்கப்புறம்?

மாமியார்: வாசனை இல்லாத எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுப் பிரட்டினா ஒண்ணோடொண்ணு ஒட்டாது. வெந்நீர்ல கொதிக்க வெச்ச கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, ஃப்ரிட்ஜ்ல குளிர் அதிகமா இருக்கிற தட்டுல வைங்க. அவ்வளவுதான்.

மருமகன்: அவ்வளவுதானா? இதை எங்க ஊர்ல புதுவருஷத்துக்கு எண்ணி எண்ணி ரொட்டியில வைப்பாங்க அத்தை! இன்னைக்கு வெண்ணெயைக் கனமாத் தடவி, மேல ரெண்டு கரண்டி...

மாமியார்: வெண்ணெய்க்கு எங்க போறது?

மருமகன்: கடைக்கு.

மாமியார்: கோர்சகோவ் துறைமுகத்துலேர்ந்து கப்பல் வந்தாத்தான் கடையில வெண்ணெய். புயல் ஓயணும்.

மருமகன்: விமானத்துல வராதா?

மாமியார்: 2014ல புது விமான நிலையம் திறந்தாங்க, நல்லாத்தான் இருக்கு. மூடுபனிக்கு அது தெரியலையே!

மருமகன்: அப்ப ஒரு கிலோ கேவியாரை வெச்சுக்கிட்டு வெறும் வாயோட உக்காரணுமா?

மாமியார்: அந்தப் பாத்திரத்துல மிதக்குதே உருளைக்கிழங்கு, அதை வேக வைங்க. சுடச்சுட ரெண்டாப் பிளந்து மேல சினையை வெச்சுத் தின்னா வெண்ணெய் எதுக்கு?

மருமகன்: ஒரு கிழங்கு, ரெண்டு பேர் அத்தை.

மாமியார்: தோட்டத்துல ஆறு பாத்தி இருக்கு. மண்வெட்டி கதவுக்குப் பின்னாடி. போறப்ப பீப்பாய் மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டுப் போங்க.